லபக்குவுக்குள் யாரும் இல்லை

அவள் படம் வரைந்து பிழைப்பவள். எந்த அலுவலகத்திலும் அவளுக்கு நாற்காலி கிடையாது. யார் வேலை கொடுக்கிறார்களோ அவர்களுக்கு வரைவாள். யாரும் கொடுக்காதபோது தனக்காக வரைவாள். சமையலறை மேசையில் பாதி அவளுடைய வண்ணங்களுக்கு, பாதி அப்பாவின் மருந்துகளுக்கு. தூரிகை கழுவும் தம்ளரும் அப்பா மாத்திரை போட்டுக்கொள்ளும் தம்ளரும் ஒரே மாதிரி இருந்ததால், அப்பா ஓரிரு முறை நீலத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். குடித்துவிட்டு, "இன்னைக்கு வானம் வரைஞ்சியா?" என்று கேட்பார்.

சமீப காலமாக அவள் படங்களை நிறையப் பேர் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சினிமாவிலும் டிவியிலும் வந்து எல்லாருக்கும் தெரிந்துபோன பாத்திரங்கள், வேலை முடிந்த பிறகு எப்படி இருப்பார்கள் என்று அவள் வரைந்தாள். விண்வெளிக் கேப்டன் சலவைக்கடை வரிசையில் நிற்பார். அழுக்குத் துணியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும். தொடருக்குத் தொடர் குடும்பத்தைக் கெடுத்த வில்லி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கால்நகம் வெட்டுவாள். கண்ணுக்குத் தெரியாத துப்பறிவாளரின் கோட்டு மட்டும் கொடியில் காயும். ஜனங்கள் அவற்றைப் போனில் பகிர்ந்தார்கள். காபிக் கோப்பையிலும் தலையணை உறையிலும் அச்சடித்தார்கள். சிலர் அவளிடம் கேட்டுக்கொண்டும் அச்சடித்தார்கள்.

அதற்கப்புறம்தான் அவள் லபக்குவை வரைந்தாள்.

லபக்கு ஒரு பூதம். குழந்தைகளுக்கான தொடரில் பல வருஷம் வந்தது. உடம்பெல்லாம் ஆரஞ்சு முடி, பீப்பாய் வயிறு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது தொங்கியும் இருக்கும். குழந்தைகளுக்குப் பிடிக்காத எதையும் அது விழுங்கிவிடும். பரீட்சைத்தாள், அலாரம் கடிகாரம், பல் டாக்டரின் நாற்காலி, ஒரு முறை ஒரு பள்ளிக்கூடத்தின் மதில்சுவரையே விழுங்கியது. விழுங்கியதும் 'லபக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வீட்டில் பெரியவர்களும் பார்த்தார்கள்.

அந்தப் பூதத்துக்குள் இருந்தவர் அவளுடைய அப்பா.

வீட்டுக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது. தொடரின் முடிவில் ஓடிய பெயர்ப்பட்டியலில், 'லபக்குவாக: லபக்கு' என்றுதான் போட்டார்கள். உடுப்பு கனமான பஞ்சு; அதன்மேல் பசை பூசி முடி ஒட்டியிருந்தார்கள். காற்றுக்கு வழியே இல்லை. பசை வாடையையும் உதிர்ந்த முடியையும் அப்பா வருஷக்கணக்கில் சுவாசித்தார். நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுரங்கத்துல வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஒருத்தர் வயித்துல" என்றார் அப்பா.

இப்போது மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்காகத்தான் அவள் அந்தப் படங்களை வரைந்தாள். 'இடைவேளை' என்று பெயர் வைத்தாள். ஒன்றில், லபக்கு படப்பிடிப்புக்கூடத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். முதுகில் ஜிப் பாதி திறந்திருக்க, அதிலிருந்து ஒரு மனிதக் கை தண்ணீர்த் தம்ளரை நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்றில், பூதத்தின் தலை தனி நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் தரையில், பனியன் நனைந்த ஒருவர் குனிந்து காலணியிலிருந்து வியர்வையைக் கொட்டுவார். அவர் முகம் தெரியாது.

அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"வயிறு இவ்வளவு சரியாது, சின்னி. நான் உள்ள நெஞ்சை நிமித்தியே வெச்சிருப்பேன்."

"சரிப்பா."

"இடது காது இன்னும் கொஞ்சம் தொங்கணும். அது நானா பண்ணினதில்ல. தையல் விட்டுப்போச்சு. தொடர் எடுத்த முதலாளி, அழகா இருக்கு, அப்படியே இருக்கட்டும்னுட்டாரு."

அந்தப் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. சுற்றிக்கொண்டே போய் வெகுஜனப் பண்பாட்டுப் பாதுகாப்பு வாரியத்தின் மேசையில் விழுந்தன. லபக்குவுக்கென்று ஒரு கூடம் திறக்கப்போவதாகவும், அதில் இந்தப் படங்களை நிரந்தரமாக வைக்க விரும்புவதாகவும் வாரியம் அவளுக்குத் தகவல் அனுப்பியது. அப்பாவிடம் சொன்னாள். அவர், "வெச்சா வெச்சுக்கட்டும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "திறப்பு விழாவுக்கு எப்படிப் போறது? வண்டி வெச்சா சிலிண்டரை ஏத்துவாங்களா?" என்று கேட்டார்.

வாரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஏற்கெனவே பிடித்திருக்கும் விஷயங்களைப் பாதுகாப்பது அதன் கடமை. பெரிய கட்டடம். கீழ்த்தளத்தில் பாதுகாக்கப்பட்ட பொருட்கள் இருந்தன. மேலே இருந்த எல்லாத் தளங்களிலும் பாதுகாப்பவர்கள் இருந்தார்கள். எந்தக் கூட்டமும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியின் முகப்பு இசையோடுதான் தொடங்கும். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். எந்த நிகழ்ச்சி என்பதில் தகராறு வந்து, அகரவரிசைப்படி தினம் ஒன்று என்று முடிவாகியிருந்தது. அவள் போன அன்று ஒரு சமையல் நிகழ்ச்சியின் முறை. குக்கர் விசில் சத்தத்துக்கு அவள் விறைப்பாக நின்றாள்.

அவள் பார்க்க வேண்டியவரின் அறைவாசலில் 'பாத்திரத் தூய்மை அதிகாரி' என்று பலகை இருந்தது. கேன்டீன் சம்பந்தப்பட்டவர் போலிருக்கிறது என்று அவள் தாண்டிப் போய்விட்டாள். கதாபாத்திரங்களின் தூய்மை என்று பிறகுதான் விளங்கியது.

அதிகாரி நல்ல பெண்மணி. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படமெல்லாம் அற்புதம். என் பொண்ணு போன் கவர்ல உங்க கேப்டன்தான். ஒரே ஒரு சின்ன விஷயம். முதுகுல இது என்ன?"

"ஜிப் மேடம்."

"எதுக்கு?"

"உள்ள போக, வெளிய வர."

"யாரு?"

"அப்பா."

அதிகாரி யோசித்தாள். "லபக்குவோட அப்பாவா? அவர் ரெண்டாவது வருஷத்துலதானே வர்றாரு? அவருக்குக் கொம்பு இருக்குமே."

"என்னோட அப்பா, மேடம்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தாள். குரல் இன்னும் மென்மையானது. கெட்ட செய்தி சொல்லும் நர்ஸ் மாதிரி பேசினாள். "இங்க பாருங்கம்மா. வாரியத்தோட கொள்கைப்படி லபக்கு ஒரு பூதம். பூதத்துக்குள்ள குடல் இருக்கலாம், கல்லீரல் இருக்கலாம். அதுக்கெல்லாம் எனக்கு ஆட்சேபணை இல்ல. அப்பா இருக்க முடியாது."

விஷயம் அதோடு முடிந்திருந்தால் அவள் படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் வாரியத்தில் உயிருள்ள பாத்திரங்களுக்கு ஒரு பிரிவும், உயிரற்ற பாத்திரங்களுக்கு ஒரு பிரிவும் இருந்தன. உயிரற்ற பிரிவில் ஒரு பேசும் காரும், கோபக்காரக் குடை ஒன்றும் மட்டும்தான் இருந்தன. அங்கே வேலை செய்பவர்களுக்குப் பதவி உயர்வுக்கே வழியில்லை. ஜிப் இருப்பது உண்மையானால் லபக்கு உடுப்புதான், ஆகவே எங்களுக்குத்தான் சேர வேண்டும் என்று அவர்கள் கிளம்பினார்கள். உயிருள்ள பிரிவு விடுமா? இரண்டு பிரிவும் ஒரே லிஃப்டில் ஏறுவதை நிறுத்திக்கொண்டன. நிபுணர் குழு கூட்டப்பட்டது.

குழுவில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி இருந்தார். லபக்குவின் செரிமானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய ஒரு பேராசிரியரும் இருந்தார். அவளைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"இது முதுகெலும்பா இருக்க வாய்ப்பிருக்கு" என்றார் கால்நடை மருத்துவர். "மெலிஞ்ச மாடுகள்ல இப்படித்தான் துருத்திக்கிட்டுத் தெரியும்."

"முதுகெலும்புல இழுக்கிறதுக்குப் பிடி இருக்குமா?" என்று நீதிபதி கேட்டார்.

"பூதங்களை நான் பார்த்ததில்ல சார். மாட்டுக்கு இல்ல."

பேராசிரியர், ஜிப் என்பது நவீன மனிதனின் திறந்துகொள்ளும் ஏக்கத்தைக் குறிப்பதாகச் சொல்லி, தன் நூலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அவரை யாரும் தடுக்கவில்லை. டீ வந்ததும் அவரே நிறுத்திக்கொண்டார்.

அவள் கையை உயர்த்தினாள். "சார், அப்பா உள்ள இருந்தாரு. வெயில் காலத்துல ஷூட்டிங் முடிஞ்சு வரும்போது நிக்க முடியாது அவரால. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வருவாரு. அது எங்க வீட்டுக்கே தெரியும். இதுல நிரூபிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

வாரியத்தின் தலைவர் அதுவரை பேசவில்லை. அவர் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா நான் ஒரு பொறுப்புல இருக்கேன். உள்ள ஒரு ஆள் இருந்தாருன்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டோம்னு வெச்சுக்குங்க. நாளைக்கு ஜனங்க என்ன பண்ணுவாங்க? எதைப் பார்த்தாலும் உள்ள ஆள் இருக்காங்களான்னு கேக்க ஆரம்பிப்பாங்க. இந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கேப்பாங்க. இந்த நாற்காலியைப் பார்த்துக் கேப்பாங்க. இத்தனை வருஷமா இந்த நாற்காலியில யாராவது இருந்தாங்கன்னு யாராச்சும் சந்தேகப்பட்டிருக்காங்களா? இல்ல. அதுதான் ஒரு நிறுவனத்தோட பலம்."

எல்லாரும் தலையசைத்தார்கள்.

"அவர் உயிரோடதான் இருக்காரு. நீங்களே வந்து பாருங்க" என்றாள் அவள்.

நிபுணர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆதாரம் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று வாரிய விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை.

அவர்கள் வருவதாகச் சொன்ன அன்று காலையிலேயே அப்பா முகம் மழித்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை கேட்டார். மூக்குக் குழாயைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் மறைத்துவைத்தார். "கழட்டாதீங்கப்பா" என்றதற்கு, "கொஞ்ச நேரம்தானே, அவங்க போனதும் மாட்டிக்கறேன்" என்றார். பல வருஷங்களுக்குப் பிறகு தன்னைப் பார்க்க ஆள் வருகிறது என்பதில் அவருக்கு ஒரு பரபரப்பு. அவளுக்கும்தான். இன்றைக்காவது அவர் வாயாலேயே சொல்லிவிடுவார்.

தூய்மை அதிகாரியும் கால்நடை மருத்துவரும் வந்தார்கள். மருத்துவர் அப்பாவின் இடுப்பை டேப்பால் அளந்தார். காட்சிக்கூடத்தில் இருக்கும் லபக்குவின் இடுப்பளவோடு ஒப்பிட்டார். உதட்டைப் பிதுக்கினார். "இவரை மாதிரி மூணு பேர் வேணும்" என்று அதிகாரியிடம் மெல்லச் சொன்னார். பிறகு பழக்கதோஷத்தில் அப்பாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொன்னார்.

"அவர் மாடு இல்ல சார்" என்றாள் அவள்.

"மூச்சுச் சத்தம் சரியில்லம்மா. மாடா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்" என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு.

அதிகாரி ஒரு தாளை எடுத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். 'லபக்குவுக்குள் நான் இருந்ததில்லை. எவரும் இருந்ததில்லை. நான் லபக்குவின் நெடுநாள் ரசிகன்.' வாசித்து முடித்து, "உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க ஐயா" என்றாள்.

அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கையெழுத்து போடணும்?" என்று அப்பா கேட்டார்.

போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் கிளம்பும்போது, "அதை எங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

"எதை ஐயா?"

"லபக்குவை."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ராத்திரி பகல் ஏசி."

"நல்லது, நல்லது" என்றார் அப்பா. "உள்ள ரொம்பப் புழுங்கும்."

அதிகாரி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்ததும் அவள் கத்தினாள். "ஏம்ப்பா போட்டீங்க? நான் அங்க போய் எவ்வளவு பேச்சு வாங்கிட்டு நிக்கிறேன்? என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!"

"முதல்ல குழாயை எடு."

"ஏன் போட்டீங்க?"

"வெளிய சொல்ல மாட்டேன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன்."

"அவர் செத்தே போயிட்டாரு!"

"அவர் செத்தாரு. நான் இன்னும் சாகலையே."

"அப்ப நான் யாருக்காக இதையெல்லாம் வரைஞ்சேன்?"

"எனக்காகவா? நான் கேட்டேனா?" என்றார் அப்பா. சொன்னதும் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கும்வரை அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள், கோபத்தோடேயே.

இரண்டே பேர் இருக்கும் வீட்டில் பேசாமலிருப்பது சுலபமில்லை. மாத்திரை நேரம் வந்துவிடும். "மாத்திரை" என்பாள் அவள். "ம்" என்பார் அவர். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் திறப்பு விழாவுக்குப் போட வேண்டிய சட்டையை அப்பா துவைக்கப் போட்டிருந்ததை அவள் கவனித்தாள். அவருக்குப் பெயர் வேண்டாம். படம் மாட்டியிருப்பதைப் பார்த்தால் போதும் போலிருக்கிறது. அவள் வாரியத்துக்குப் போன் செய்து, சொன்னபடி திருத்தித் தருவதாக ஒத்துக்கொண்டாள்.

ஜிப் இருந்த இடங்களிலெல்லாம் முடி வரைந்தாள். பனியன்காரரை அழித்து அங்கே ஒரு பூந்தொட்டி வைத்தாள். படிக்கட்டுப் படத்தில் கையை அழித்தபோது, தம்ளர் அந்தரத்தில் நின்றது. அதையும் அழிக்கட்டுமா என்று கேட்டாள். குழு கூடிப் பேசி, 'தம்ளர் இருக்கலாம். பூதங்களுக்கு அது சாத்தியமே' என்று பதில் அனுப்பியது.

அப்பாவுக்கு மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு மத்தியான வேளையில், மற்ற கட்டில்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி அவளைக் கூப்பிட்டார். அவளுக்குச் சண்டை மறந்துபோயிருந்தது.

"உள்ளேயிருந்து எப்படித் தெரியும்னு உனக்குத் தெரியாதில்ல?"

"கண்ணு வழியாதானேப்பா?"

"அந்தக் கண்ணு கண்ணாடி. அதுல ஒண்ணும் தெரியாது. வாய் வழியாத்தான் பார்க்கணும். பல்லுக்கு நடுவுல ஒரு வலை இருக்கும்." மூச்சு வாங்கினார். "எல்லாப் பிள்ளைங்களும் எதிர்ல நின்னு என் வாயைப் பார்த்துச் சிரிக்கும். என்னை ஜென்மத்துல யாரும் அப்படிப் பார்த்ததில்ல, சின்னி. அது என்னை இல்லன்னு தெரியும். ஆனாலும் பார்வை இங்கதானே வந்து விழுது." தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார்.

அவள் முகமூடியை மாட்டிவிடப் போனாள்; அவர் தடுத்துவிட்டார்.

"ஒரு தடவை மைதானத்துல நிகழ்ச்சி. நல்ல வெயில். மயக்கம் வந்துருச்சு. மேடைக்குப் பின்னாடி போய்த் தலையைக் கழட்டிட்டேன். அங்க ஒரு பிள்ளை நின்னுது. என் மூஞ்சியைப் பார்த்துச்சு. கீழ பூதத்தோட உடம்பு, மேல என் தலை. அது கத்தின கத்து இருக்கே, எங்கப்பாவை லபக்கு முழுங்கிடுச்சுன்னு."

"எங்கப்பாவையா?" என்றாள் அவள்.

"நீதான். உனக்கு நாலு வயசோ என்னமோ. உங்கம்மா கூட்டிட்டு வந்திருந்தா. ரொம்ப நாள் என் பக்கத்துலயே வரல நீ. நான் வெளிய வந்துட்டேன்னு சொன்னாலும் நம்பல." சிரிக்கப் பார்த்தார். "அதுக்கப்புறம் என்ன ஆனாலும் வெளியில தலையைக் கழட்டினதில்ல. உள்ளேயே மயங்கியிருக்கேன். பூதம் தூங்குதுன்னு பிள்ளைங்க கையைத் தட்டும்."

அவளுக்கு அது எதுவும் நினைவில் இல்லை. பிறந்ததிலிருந்தே உள்ளே இருப்பது அப்பா என்று தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அங்கேயே, கட்டிலோரம் உட்கார்ந்து, மருந்துக்கடைப் பையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தாள். மேலும் கீழும் பற்கள். நடுவில் வலை. வலைக்கு அந்தப் பக்கம் குழந்தைகள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு குழந்தை மட்டும் வாயைத் திறந்து அழுதது. அப்பாவிடம் காட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "பல்லு இன்னும் பெருசாத் தெரியும். மூக்குல இடிக்கிற மாதிரி" என்றார்.

அதைத் திருத்தி வண்ணம் தீட்டி அவள் கொண்டுவருவதற்குள் அவர் போய்விட்டார்.

வாரியத்திலிருந்து மலர்வளையம் வந்தது. அதில், 'மூத்த ரசிகருக்கு அஞ்சலி' என்று எழுதியிருந்தது. அத்தை அதைப் படித்துவிட்டு, "யாருக்கு ரசிகர்? இவனுக்கு எதுவுமே பிடிக்காதே" என்றாள்.

திறப்பு விழாவுக்கு அவள் தனியாகப் போனாள். கடைசிப் படத்தை வாரியம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. அதில் ஜிப் இல்லை, ஆள் இல்லை, லபக்குகூட இல்லை. 'ரசிகர்கள்' என்று தலைப்புக் கொடுத்து, நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டியிருந்தார்கள். எல்லாரும் எழுந்து நிற்க, லபக்கு தொடரின் முகப்பு இசை ஒலித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் லபக்கு நின்றது. இடது காது நிமிர்ந்திருந்தது. பழுது பார்த்துத் தைத்திருந்தார்கள்.

தலைவர் பேசினார். "நடிகர்கள் வருவார்கள், போவார்கள். முதலாளிகள் வருவார்கள், போவார்கள். ஆனால் லபக்குவுக்கு மரணம் கிடையாது. ஏன்? எண்ணிப் பாருங்கள். அதற்குள்ளே சாகக்கூடியது எதுவுமே இல்லை."

பலத்த கைதட்டல். அவள் சுற்றிலும் பார்த்தாள். தன் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

கூட்டம் கலைந்ததும் குழந்தைகள் ஓடிவந்து அந்தப் பெரிய படத்தின் முன் நின்றார்கள். பற்களைக் காட்டிச் சிரித்தார்கள். ஒருவன், "நாம வாய்க்குள்ள இருக்கோம்டா" என்றான். அவள் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். தூய்மை அதிகாரி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். அதிகாரியின் கண்ணுக்கு அந்தப் படத்தில் ஒரு குறைதான் பட்டது.

"எல்லாம் சிரிக்குது. இந்த ஒரு குழந்தை மட்டும் ஏன் அழுது?"

"அதோட அப்பாவைக் காணோம் மேடம்."

"ஐயோ பாவம். கிடைச்சாரா?"

"இல்ல மேடம்."

அதிகாரி உண்மையாகவே கலங்கிப்போனாள். கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். "அப்படி விட்டுடக் கூடாதும்மா. பார்க்கிறவங்க மனசு தாங்காது. அடுத்த படத்துல கிடைச்ச மாதிரி வரைஞ்சிடுங்க. அப்பா வந்து தூக்கி வெச்சுக்கிற மாதிரி. இது வாரியத்தோட கட்டளை இல்ல. நானாச் சொல்றேன்."

"சரி மேடம்" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் மேசையை முழுசாகத் துடைத்தாள். மருந்துகள் இல்லாததால் மேசை பெரிதாக இருந்தது. அழும் குழந்தையை வரைவது சுலபமாக இருந்தது. அதைத் தூக்கும் கைகளையும் வரைந்தாள். நனைந்த பனியன், கழுத்தில் ஒட்டிய முடி, தோளில் உடுப்பின் பட்டை அழுத்திய தழும்பு. முகத்துக்கு வந்தபோது கை நின்றது.

இளவயது முகம் வேண்டும். பீரோவில் இருந்த பழைய படங்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினாள். அவர்கள் வீட்டில் கேமரா இருந்ததில்லை. எல்லாம் முதலாளி ஆள் அனுப்பி எடுத்துக் கொடுத்த படங்கள்தான். அம்மாவின் தோளில் கைபோட்டபடி லபக்கு நின்றது. அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், அவள் புத்தகப்பையை லபக்கு வாயில் கவ்வியிருந்தது. அத்தையின் கல்யாணத்தில் மணமக்களுக்கு நடுவில் லபக்கு.

அவள் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். அவள் எழுவதற்குள் அவர் வேலைக்குப் போய்விடுவார். அவள் தூங்கிய பிறகுதான் வருவார். தூக்கத்தில் ஒரு ஈரக்கை நெற்றியில் படும். பசை வாடை அடிக்கும்.

அந்தக் கையை மட்டும் அவளால் வரைய முடிந்தது. வரைந்துவிட்டு, வாய் திறந்து அழும் அந்தக் குழந்தையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.